ஆலை வாசலிலும் கேட்போம்!

அரியலூர் பக்கம் சிமெண்ட் லாரி ஒன்று ஆளை அடித்துப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊர்த்தெரு, சேரித்தெரு என்று பார்க்காமல் எல்லாத் தெருவும் ரோட்டில் உட்காரும். முள்ளை வெட்டிக் குறுக்கே போடுவார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், ஆலையிலிருந்தும் ஆள் வரும். இழப்பீடு பேசி முடிக்காமல், வேகத்தடைக்கு வாக்கு வாங்காமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். லாரி நின்றால் மணிக்கு எவ்வளவு நட்டம் என்பது ஆலைக்குத் தெரியும். அது நமக்கும் தெரியும் என்பதும் ஆலைக்குத் தெரியும்.

அதே ரோட்டில் ஓர் இளைஞனைச் சாதி பார்த்து வெட்டிப் போட்டால்? ஒரு தெரு மட்டும் உட்காரும். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார். ஆலையிலிருந்து யாரும் வர மாட்டார்கள். நாமும் கூப்பிட மாட்டோம். லாரிகளைப் போலீஸ் வேறு வழியில் திருப்பிவிடும்.

இந்த இரண்டாவது காட்சியை மாற்றத்தான் உங்களை அழைக்கிறோம். கொலை விழுந்த மறுநாள் தாலுகா ஆபீஸ் முன்னால் கோஷம் போட்டு, மைக் செட்டுக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டுக் கலைவது இனி போதாது. அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரண்டு மாவட்டத்தின் கல்லையும் மண்ணையும் கைகளையும் எடுத்துக் காசாக்குகிறவர்கள் சாதி வன்முறை பற்றி வாய் திறந்தாக வேண்டும். திறந்த வாயால் சொன்னதைக் கையெழுத்தாகப் போட்டாக வேண்டும். அவர்களை அதட்டிக் கேட்க வேண்டிய அரசும் தன் சட்டப்படியான வேலையைச் செய்தாக வேண்டும்.

நடந்தவற்றை மறந்துவிட்டோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். 2016 டிசம்பர் கடைசியில் செந்துறை பக்கத்தில் ஒரு தலித் சிறுமி காணாமல்போனாள். குடும்பம் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தது. 2017 ஜனவரி 14, ஊரெல்லாம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த நாளில், கீழமாளிகைக் கிணற்றில் உடல் மிதந்தது. அதன் பிறகுதான் மாநிலமே திரும்பிப் பார்த்தது.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். பொன்பரப்பியில் ஒரு மண்பானை போட்டு உடைக்கப்பட்டது. சிதம்பரம் தொகுதியில் தொல். திருமாவளவனின் சின்னம் பானை. அவர் பிறந்த அங்கனூரும் இதே செந்துறை வட்டம்தான். பானையை உடைத்தது எதற்கென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கைகலப்பு மூண்டது, கும்பல் தலித் குடியிருப்புக்குள் புகுந்தது. ஓடுகள் நொறுங்கின, கதவுகள் பிளந்தன, வாசலில் நின்ற பைக்குகள் நொறுக்கப்பட்டன. சுமார் இருபது வீடுகள் சேதம். ஓட்டுப் போட வரிசையில் நிற்க வேண்டியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மறுவாக்குப்பதிவு கேட்டோம், கிடைக்கவில்லை. அந்தத் தொகுதியின் முடிவு 3,219 வாக்கு வித்தியாசத்தில் நின்றது. ஒரு குடியிருப்பை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் விரட்டுவதன் விலை என்ன என்று அந்த எண் சொல்கிறது.

பெரம்பலூர் பக்கம் வாருங்கள். 2025 ஜனவரி 17, கை.களத்தூர். முன்பகை ஒன்றில் தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சமரசம் பேசலாம் வா என்று காவலர் ஒருவரே அழைத்துப்போனார், அவர் கண்ணெதிரிலேயே வெட்டு விழுந்தது என்று உறவினர்கள் குமுறினார்கள். ஆத்திரம் காவல் நிலையத்தின் மேல் பாய்ந்தது. காவலர்கள் மீது இடைநீக்கம் வந்தது. இடைநீக்கம் என்பது தண்டனை அல்ல, தோழர்களே; அது காத்திருப்பு. எத்தனை இடைநீக்கங்கள் சத்தமில்லாமல் மறுபணியில் முடிந்திருக்கின்றன என்பதை நாம் பார்த்தவர்கள்.

கீழ்வெண்மணி, மேலவளவு, தருமபுரி, வேங்கைவயல் என்று வெளியூர்ப் பெயர்களை மேடையில் மூச்சுவிடாமல் அடுக்க நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்களும் ஏறிவிட்டன.

இனி, நம் தோழர்கள் சிலரே கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஊருக்குள் நடக்கிற சாதிச் சண்டைக்கும் ஆலைக்கும் என்ன சம்பந்தம்? முதலாளியிடம் கூலி கேள், போனஸ் கேள், இதை எதற்கு அங்கே கொண்டுபோகிறாய்?

சம்பந்தம் இருக்கிறது. ஒரு பேக்கிங் பிளாண்டில் லோடு ஏற்றுகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் ஆள். நாளெல்லாம் ஐம்பது கிலோ மூட்டைகளோடு மல்லுக்கட்டு. ஷிஃப்ட் முடியும்போது இமையில்கூட சாம்பல் பூத்திருக்கும். தொண்டைப் புழுதி இறங்க ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு சைக்கிளை எடுப்பான். அவன் தெருவில் நடந்த தாக்குதலுக்கு அவன்தான் கண்கண்ட சாட்சி. ஒருநாள் ராத்திரி ஏட்டு வந்து சம்மன் கொடுக்கிறார். மறுநாள் கோர்ட். அன்றைய கூலி போச்சு. போனால் வாய்தா. அடுத்த மாதம் இன்னொரு வாய்தா. மூன்றாவது தடவை லீவு கேட்கும்போது மேஸ்திரி சொல்கிறான்: ‘கோர்ட்டுக்குப் போறவன் கோர்ட்லயே வேலை பார்த்துக்க.’ அந்த மேஸ்திரி யார்? பல இடங்களில் எதிராளியின் பங்காளி, மச்சான், ஒரே தெருக்காரன். மாலையில் டீக்கடையில் இன்னொருவர் தோளில் கை போட்டு, ‘ராஜியாப் போயிடுப்பா, உனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு’ என்கிறார். அவன் என்ன செய்வான்? நான்காவது வாய்தாவில் கூண்டில் ஏறி, ‘இருட்டா இருந்துச்சுங்க, சரியாப் பாக்கலை’ என்கிறான். பிறழ் சாட்சி. வழக்கு அங்கேயே விழுந்தது.

வன்கொடுமை வழக்குகள் பெரும்பாலும் விடுதலையில் முடிவதற்கு வக்கீலின் திறமையோ நீதிபதியின் மனசோ மட்டும் காரணமில்லை. அதில் பாதி இந்தக் கூலிக் கணக்கில் நடக்கிறது. கூலியைக் கையில் வைத்திருப்பவன் சாட்சியையும் கையில் வைத்திருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. ஆலையைச் சுற்றி ஓடுகிற காசெல்லாம் யார் வழியாக ஓடுகிறது? லாரி ஒப்பந்தம், கிராவல் அடிப்பது, கேன்டீன், செக்யூரிட்டி, ஆள் சப்ளை, புல் வெட்டும் காண்ட்ராக்ட் வரை உள்ளூர்ப் பெரிய கைகளிடம்தான் போகிறது. ஆலை நிர்வாகத்துக்கு ‘லோக்கல் பிரச்சினை’ வராமல் பார்த்துக்கொள்ள அந்தக் கைகள் வேண்டும். அந்தக் கையில் ஒன்று பி.சி.ஆர். கேஸில், அதாவது வன்கொடுமை வழக்கில், குற்றப்பத்திரிகை வாங்கியிருந்தாலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறது, ஏனென்றால் ஒப்பந்தப் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. பி.எஃப். கட்டினாயா, ஜி.எஸ்.டி. கட்டினாயா, ஹெல்மெட் கொடுத்தாயா என்று கேட்கும் படிவம், மனுஷனை வெட்டினாயா என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் கேட்கவைக்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் அங்கே ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். ஊரில் நடக்கும் எத்தனையோ கொலைகளைப்போல இதுவும் ஒரு எஃப்.ஐ.ஆரோடு மறைந்திருக்கும். மறையவில்லை. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. காவல் நிலையத்தோடு நிற்காமல், அந்த ஆலை யாருக்குத் துணி தைக்கிறது என்று தேடிப் போனார்கள். எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பிராண்டுகளின் கதவைத் தட்டினார்கள். 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் சங்கமும் கையெழுத்திட்டன, பிராண்டுகளும் கட்டுப்பட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமே இன்று சொல்வது அதுதான்.

அதில் நமக்கு முக்கியமானது எது? பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அந்த ஒப்பந்தத்துக்குள் பெயர் சொல்லி வந்திருக்கிறது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்களிலிருந்து கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று நின்றார்கள். வார்த்தை தவறினால் வியாபாரத்தில் அடி விழும் என்பது கையெழுத்தாகவே இருந்தது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியதும், ஒப்பந்தப்படி நடந்த மாற்றங்களைப் பார்த்துச் சில வாரங்களில் தடையை நீக்கியதும் நடந்தன. நம் மாநிலத்தில், நம் வயதுப் பெண்கள், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கூட்டம் போட்டு சாதித்தது இது. இதை ஏதோ வெளிநாட்டு உதவி என்று சுருக்கிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்கள் எத்தனை வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள் என்பதை நினைப்பதில்லை.

இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1970இல் அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், தங்கள் கம்பெனியின் கேமரா தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களை அடக்கும் பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் பயன்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். உள்ளேயிருந்தே நோட்டீஸ் ஒட்டினார்கள். ஹண்டருக்கு வேலை போனது. ஆனாலும் 1977இல் போலராய்டு அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. ஏழு வருஷம் ஆயிற்று. நாமும் ஏழு நாளில் எதிர்பார்க்க வேண்டாம்.

கையெழுத்து ஏன் வேண்டும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே பாடம் இருக்கிறது. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்கால் வைத்துக் கொன்றபோது, அந்த நாட்டின் பெரிய கம்பெனிகள் எல்லாம் உருக்கமாக அறிக்கை விட்டன. கோடி கோடியாக உறுதிமொழி. ஃபிளாய்டு செத்த ஊரையே தலைமையகமாகக் கொண்ட டார்கெட் கம்பெனியும் அதில் ஒன்று. 2025 ஜனவரியில் ஆட்சி மாறிய அந்த வாரமே, டார்கெட் தன் இன சமத்துவ இலக்குகளைச் சுருட்டி வைத்தது. அறிக்கை விட்டவன் அறிக்கையை வாபஸ் வாங்குவான். நம் ஆலைகளிடம் கண்டன அறிக்கையோ, அம்பேத்கர் படத்துக்கு மாலையோ, ஏப்ரல் 14க்கு முழுப்பக்க விளம்பரமோ நாம் கேட்கப்போவதில்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் ஷரத்து கேட்கிறோம்.

இப்போது ஏன் அவசரம் என்கிறேன் தெரியுமா? நம் மாவட்டங்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் காலணி ஆலை ஓடுகிறது. அங்கே தைக்கும் செருப்பு கிராக்ஸ் என்ற அமெரிக்கப் பிராண்டின் பெயரில் கடல் கடக்கிறது. ஜெயங்கொண்டத்தில் 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்று 2024 நவம்பரில் இன்னொரு காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் எந்தெந்த ஊர்களில் நின்று பெண்களை ஏற்றிப்போகிறது, இனி ஏற்றப்போகிறது என்று பாருங்கள். தாக்குதல் நடந்த ஊர்களும் அந்த வழித்தடத்தில் வரும். ஒரே பஸ்ஸில் இரண்டு தெருப் பெண்களும் ஏறுகிறார்கள். யார் முன் சீட், யார் பின் சீட், யார் யாரோடு சாப்பாட்டுக் கூடையைப் பகிர்கிறார்கள், லைன் சூப்பர்வைசர் யாரை ‘அந்தத் தெருப் பொண்ணு’ என்று கூப்பிடுகிறார் என்பதெல்லாம் முதல் ஆறு மாதத்தில் தீர்மானமாகிவிடும். கான்கிரீட் இறுகுவதற்கு முன்னால் கம்பியைக் கட்ட வேண்டும். புதிய ஆலைகளில் திண்டுக்கல் மாதிரி ஓர் ஒப்பந்தத்தைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

வெளிநாட்டுப் பிராண்டுகளிடம் பேசும்போது சாதி என்றால் அவர்களுக்குப் புரியாது என்று யாரும் பயப்பட வேண்டாம். 2001 டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைப் பேசவே கூடாது என்று இந்திய அரசு முரண்டு பிடித்தது. அடுத்த வருஷமே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் பெயரால் வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை 29இல் எழுதிவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமே சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அவர்கள் நாட்டு நகரமொன்றில் தடையானது, அவர்களுக்குச் செருப்பு தைக்கும் எறையூரில் மட்டும் ‘உள்ளூர் வழக்கம்’ ஆகிவிடாது.

சிமெண்ட் பக்கம் வருவோம். ஆலத்தியூர், தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் என்று நம்மைச் சுற்றி நிற்கும் புகைபோக்கிகளுக்குக் கீழே எடுக்கிற ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் அரசுக்கு ராயல்டி போகிறது. 2015இல் திருத்திய சுரங்கச் சட்டப்படி, அந்த ராயல்டிக்கு மேல் இன்னொரு தொகை மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குப் போக வேண்டும்: பழைய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், அதன் பிறகு ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான காசு அது. குடிநீர், சுகாதாரம், கல்வி, பெண்கள், குழந்தைகள் என்று முன்னுரிமை வகுத்திருக்கிறார்கள். அறக்கட்டளைக்குத் தலைவர் கலெக்டர்.

இன்னொரு குழுவுக்கும் அதே கலெக்டர்தான் தலைவர். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995, விதி 17: மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடியே ஆக வேண்டும். எஸ்.பி. இருக்க வேண்டும், தலித், பழங்குடிச் சமூகங்களிலிருந்து அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை இருக்கலாம். நிவாரணம் கொடுத்தாயிற்றா, புலன் விசாரணை எங்கே நிற்கிறது, வழக்கு ஏன் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் அதன் வேலை. விதி 16இன்படி மாநில அளவிலான குழுவுக்கு முதலமைச்சரே தலைவர். ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் இந்த இரண்டு மாதமும் மாறாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கையில் கல்லுக்கு வரும் காசு, இன்னொரு கையில் வெட்டுப்பட்டவன் கோப்பு. இரண்டு கையும் ஒரே ஆளுக்கு. அந்த மேஜையின் முன்னால்தான் நாம் போய் நிற்க வேண்டும். ஆலையையும் அங்கேயே வரச்சொல்ல வேண்டும்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம். 2015 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் நல்ல சட்டம். விசாரணை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவர் செய்ய வேண்டும். அறுபது நாளில் குற்றப்பத்திரிகை. அதிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் சேர்த்த 18ஏ பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கே பிரிவு 4இல் சிறை உண்டு. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லி அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 15ஏ சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அரசுச் செலவில் நியமிக்க விதி 4(5) வழி விடுகிறது. கோர்ட்டுக்கு வந்துபோகச் செலவு கொடுக்க விதி 11. இத்தனையும் இருந்தும் செந்துறையிலும் கை.களத்தூரிலும் முதல் மணிநேரத்தில் கிடைத்தது என்ன? ‘பேசிப் பார்ப்போம்.’ கொஞ்சம் அழுத்தினால் கவுண்டர் கேஸ்.

ஆலைகளிடம் நாம் கேட்பது கொஞ்சம்தான். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகிற தொழிலாளிக்கு, அவர் நிரந்தரமோ காண்ட்ராக்ட்டோ, வாய்தா நாளுக்கு முழுக்கூலியோடு லீவு. அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தினால் காண்ட்ராக்டர் மேல் நடவடிக்கை. ஒரு ஷிஃப்ட் கூலி ஆலைக்கு எம்மாத்திரம்? ஆனால் அது ஒரு வழக்கின் உயிர். அடுத்தது, ஒப்பந்தம் எடுப்பவர் மேல் வன்கொடுமை வழக்கில் குற்றப்பத்திரிகை இருந்தால் தீர்ப்பு வரும்வரை புது ஒப்பந்தம் கிடையாது, தண்டனை வந்தால் பட்டியலிலிருந்தே நீக்கம். நிரபராதி என்று தீர்ப்பானால் தாராளமாக வரட்டும். பிறகு, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கும் புகார்க் குழு, எச்.ஆர். தனக்கு வேண்டியவரை உட்காரவைக்கும் குழு வேண்டாம்.

‘எங்கள் கம்பெனியில் சாதியே கிடையாது சார்’ என்று எச்.ஆர். சிரிப்பார். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 கம்பெனிகள், 2022-23லிருந்து, பாகுபாடு குறித்து எத்தனை புகார் வந்தது என்று வருடாந்தர அறிக்கையில் செபிக்குக் கணக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நம் பெரிய சிமெண்ட் கம்பெனிகளில் பலவும், நாரணமங்கலத்து டயர் ஆலைக்காரர்களும் அந்த வரிசையில்தான் இருக்கிறார்கள். அறிக்கை இணையத்தில் கிடக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் படித்த பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். பூஜ்யம் என்றிருந்தால் அந்தப் பூஜ்யத்தை வாசலில் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்து, புகார் கொடுக்க எங்கே போவது என்று கேட்போம்.

சி.எஸ்.ஆர். பற்றியும் ஒரு வார்த்தை. லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கச் சொல்லும் கம்பெனிச் சட்டப் பிரிவு 135 எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு பெயிண்ட், தையல் மிஷின், மரக்கன்று. நடுவில் கம்பெனி பெயர் போட்ட போர்டு. அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், பின்தங்கியவர்கள் சந்திக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் வேலை என்று ஓர் இனம் இருக்கிறது. சுடுகாட்டுப் பாதை இல்லாத குடியிருப்புக்குப் பாதை, பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி முடியும்வரை கட்டணம், வழக்கு நடத்தச் சட்ட உதவி எல்லாம் அதில் அடங்கும். தையல் மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்து நம் வாயைத் தைக்க விடக் கூடாது.

அரசே ஆலை முதலாளியாகவும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அரியலூரில் டான்செம் ஆலை இருக்கிறது. ‘அரசு’ என்ற பெயரில் மூட்டை விற்கிறது, 2021 நவம்பரிலிருந்து ‘வலிமை’யும் விற்கிறது. தனியாரிடம் கேட்க அரசுக்குத் தயக்கம் என்றால் தன் ஆலையில் முதலில் செய்து காட்டட்டும். சாட்சிக்குக் கூலியோடு லீவு என்று ஓர் உத்தரவு போட எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. டான்செம் நிர்வாகத்தின் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். நம் முதல் கோரிக்கை மனு அங்கேதான் போகும். பொதுத்துறை ஒன்று செய்துவிட்டால் தனியார் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் நெல்லையில், சென்னை ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த குரலின் விளைவு அது. வரவேற்கிறோம். ஆனால் ஆணையத்தின் பெயரைச் சொல்லி விதி 17 குழு தூங்குவதை ஒப்புக்கொள்ள முடியாது. வரப்போகும் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வந்துவிட்ட சட்டத்தை நடத்திக்காட்டட்டும்.

பிற்படுத்தப்பட்ட சமூகத்துத் தோழர்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. சங்கத்தில் நீங்கள்தான் பெரும்பான்மை. பேக்கிங் பிளாண்ட் தூசி உங்கள் நெஞ்சிலும் இறங்குகிறது. காண்ட்ராக்ட் முறை உங்கள் மகனையும் தின்கிறது. கேட் மீட்டிங்கில் நாம் தோளோடு தோள் நிற்கிறோம். ஊருக்குள் போனதும் தெரு பிரிந்துவிடுகிறது. ‘எங்க சாதிப் பையன் ஜெயிலுக்குப் போறான், நான் எப்படித் தோழர் வர்றது’ என்று கேட்கிறீர்கள். கஷ்டம்தான். கல்யாணம், காரியம், பால் ஊற்றும் சொசைட்டி எல்லாம் அந்தத் தெருவில்தான். ஆனால் நீங்கள் வராத ஒவ்வொரு மறியலிலும் ஆலை ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது: இவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். அடுத்த கூலி உயர்வுப் பேச்சில் அந்தக் கணக்கு உங்கள் மேலும் பாயும். லாரி அடித்தால் உட்காருகிற நீங்கள் அரிவாள் விழுந்தாலும் உட்காருங்கள். உங்களில் பத்துப் பேர் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், ‘இது ஒரு தெருப் பிரச்சினை’ என்று எந்த எஸ்.பி.யும் சொல்ல முடியாது.

ஆத்திரத்தில் கல்லெடுக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன். காவல் நிலையக் கண்ணாடி உடைந்த மறுநாள் பேப்பரில் கண்ணாடிதான் செய்தியாகும், கொலை அல்ல. உங்கள் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறும், வெளிநாடு போகப் பாஸ்போர்ட் நிற்கும், சாட்சி சொல்ல வேண்டியவன் குற்றவாளியாகி நிற்பான். கோபத்தைக் கீழே போடச் சொல்லவில்லை. செல்போனைக் கையில் எடுக்கச் சொல்கிறேன். யார் வந்தார், எந்த வண்டி, எத்தனை மணி, எந்த அதிகாரி என்ன சொன்னார். முதல் இரண்டு மணிநேரத்தில் எடுக்கிற பதிவு, இரண்டு வருஷம் கழித்துக் கோர்ட்டில் பேசும்.

வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. சுரங்கம் பாதிக்கும் ஒவ்வொரு ஊராட்சியிலும் கனிம அறக்கட்டளைக் காசில் தலித் குடியிருப்புக்கு என்ன வந்தது என்று கேட்டு, வராததைத் தீர்மானமாக எழுதவையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படம் எடுத்துக்கொண்டுதான் இடத்தைவிட்டு எழ வேண்டும். பிறகு வாசிப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள். சுரங்க விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கே அறிவித்தாலும் தகவல் தட்டியைப் பார்த்தவர் உடனே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தூசி, வெடி, நிலத்தடி நீர் பற்றிப் பேசுகிறவர்களோடு நம் ஆளும் மைக்கைப் பிடித்து, சாட்சி லீவையும் ஒப்பந்த ஷரத்தையும் கேட்டுப் பதிவாக்க வேண்டும். அங்கே பேசியது கூட்ட அறிக்கையில் ஏறும். கம்பெனி அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் தோழர்கள் அரியலூர் கலெக்டர் ஆபீஸுக்கும், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் தோழர்கள் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரே திங்கட்கிழமையில், குறைதீர்க்கும் நாளில், ஒரே மனுவோடு போகிறோம். அதற்கு முன்பாக, விதி 17 குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தெந்தத் தேதியில் கூடியது, யார் யார் வந்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் தகவல் உரிமை மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள். கை.களத்தூர்ப் பக்கத்து மனுவைப் பெண் தோழர்கள் எழுதட்டும். எறையூர் ஷிஃப்ட்டுக்குப் போகும் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக இருப்பவர் யார் என்று அவர்களுக்கே தெரியும். குறைதீர்க்கும் நாள் மனுவுக்கு இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தபால் பிரிவு முத்திரையும் தேதியும் வாங்காமல் கலெக்டர் ஆபீஸ் படி இறங்காதீர்கள்.